மண்ணுக்குள் போன மூன்று கொப்பிகள்

அவைத் தலைவர் திரு. இரவீந்திரன் அவர்களே, பங்குச் சுவாமி அவர்களே, மோர்டென்ஸ்ருட்டிலிருந்தும் லில்லெஸ்ட்ரோமிலிருந்தும் இந்தப் பனிக்குள் வந்திருக்கும் என் சனங்களே, முன் வரிசையில் இருக்கும் வின்சென்ற் தம்பி, அவன் மகள் நோரா, எல்லோருக்கும் நெடுந்தீவுச் சூசைப்பிள்ளையின் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் தாளைப் பார்த்துப் பேசினார்கள். என் கையில் தாள் இல்லை. எண்பத்தொரு வயதில் முதல் தடவையாக ஒரு மேடையில் நிற்கிறேன். ஆனால் மக்டலீனின் இந்த முப்பத்தோராம் நாள் நினைவில் பேசாவிட்டால் பிறகு நான் பேசிப் பயனில்லை. பொறுத்துக் கேளுங்கள்.

எழுத்தாளர் திருமதி மக்டலீன் வின்சென்ற்! இன்று தலைவர் அந்தப் பட்டத்தைச் சொன்னபோது மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் உயிரோடு இருந்தபோது சிரித்தோமா இல்லையா? பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது, உன்னுடைய குதிரைக்காரன் எப்படியிருக்கிறான் என்று கேட்காதவர் யார்? அமெரிக்காவின் மேற்குச் சமவெளி, நூற்றிருபது வருடத்துக்கு முந்திய காலம், நோர்வேயிலிருந்து கப்பலேறிப் போன ஒரு பெட்டை, குதிரை பழக்கும் ஒருவன், அவர்களுக்கு நடுவே காதல், அந்தக் காதலுக்கு நடுவே கடவுள். இதை ஒரு மன்னார்ப் பெண் ஒஸ்லோவில் இருந்துகொண்டு தமிழில் எழுதினால் சனம் சும்மா விடுமா? மேரியம்மா ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டாள்: "வெள்ளைக்காரற்றை கலியாணத்தை நீ ஏன் எழுதிறாய்? எங்கடை கண்ணீரை எழுதன்."

மக்டலீன் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்கடையைத்தான் அக்கா எழுதிறன். குதிரையிலை ஏத்தி விட்டிருக்கிறன், அவ்வளவுதான்."

அந்தக் கதை எங்கே பிறந்தது தெரியுமா? லில்லெஸ்ட்ரோமில் அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில். அங்கே தொண்ணூற்று மூன்று வயதில் ஒரு நோர்வேக் கிழவி இருந்தாள். அவளுடைய பாட்டியின் தங்கை டக்கோட்டா என்ற புல்வெளி நாட்டிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு பிஸ்கற் தகரத்தில் கிடந்தன. பழைய எழுத்து, சொந்தப் பேரப்பிள்ளைகளுக்கே வாசிக்க வராது. கிழவி எழுத்துக்கூட்டி வாசிப்பாள். மக்டலீன் அவளுடைய காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே கேட்பாள். ஒரு கடிதத்தில் ஒரு வரி: "இங்கே பின்னால் மறைந்து நின்று அழுவதற்கு ஒரு மரம்கூட இல்லை."

அன்று வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. ரயில் மாறி வெஸ்ட்லிக்கு வந்து என் கதவைத் தட்டினாள். "அப்பு, நான் நோர்வேயின்ரை வடக்கிலை மீன் கொம்பனிக்கு வந்து இறங்கின அண்டைக்கு இதைத்தான் தேடினனான். நிண்டு அழ ஒரு மரம்," என்றாள். படத்தில் மட்டும் பார்த்த மாப்பிள்ளையை நம்பி வந்தவள் அவள். வின்சென்ற் தம்பி, நீ நல்லவன். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அது தெரியாதல்லவா?

மாரித் என்ற கதாநாயகி அப்படிப் பிறந்தாள். கடிதத்தில் மட்டும் அறிந்த ஒருவனைக் கட்டக் கடல் தாண்டிப் போகிறாள். போய் இறங்கினால் அவன் காய்ச்சலில் செத்து ஒன்பது நாள். அவனைப் புதைத்தவன் ஏலியஸ், குதிரை பழக்குபவன், செபத்தைக் கைவிட்டவன்.

என்னிடம் அவள் வரக் காரணம், எங்கள் தீவின் காட்டுக் குதிரைகளை நான் பிடித்துப் பழக்கியவன் என்பதுதான். ஆறு வருடம், ஞாயிறு பின்னேரம் தவறாமல் வந்தாள். பயந்த குதிரையின் காது எந்தப் பக்கம் மடியும்? கயிறு கண்டால் மூச்சை இழுக்குமா, விடுமா? நான் சொன்னதை உடனே எழுதிவிடுவாளா? மாட்டாள். நகருக்கு வெளியே உள்ள குதிரை லாயத்துக்குப் போய், அங்கே ஒரு நோர்வேக்காரியிடம் அதையே மறுபடி கேட்பாள். "ஒரு சாட்சி போதாது அப்பு. ரெண்டு பேர் சொன்னால்தான் எழுதுவன்." எனக்குக் கோபம் வரும். அந்த லாயக்காரி குதிரைக்குத் தொப்பி போட்டு வளர்க்கிறவள், அவளுக்கு என்ன தெரியும் என்று ஏசுவேன். சிரிப்பாள். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் எழுதுவாள்.

மரமில்லாத நாட்டில் பனிக்காலத்தில் எதை எரித்தார்கள்? காய்ந்த புல்லை முறுக்கிக் கட்டி எரித்தார்கள் என்று நூலகத்தில் கண்டாள். கண்டதோடு விட்டாளா? லாயத்திலிருந்து ஒரு பை புல் கொண்டுவந்து, காட்டோரத்தில் சனம் இறைச்சி வாட்டும் இடத்தில் குந்தியிருந்து முறுக்கி முறுக்கி எரித்தாள். நான் பக்கத்தில் நின்று மணிக்கூடு பார்த்தேன். ஒரு முறுக்கு நாலு நிமிடம்கூட நிற்கவில்லை. உள்ளங்கை கிழிந்து இரத்தம். "இனி எனக்கு மாரித்தின்ரை கை தெரியும் அப்பு," என்றாள்.

அப்படிப்பட்டவள் ஒருமுறை மூன்று மாதம் பேனையைத் தொடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே ஆராய்ச்சி வேலை செய்யும் ஸ்ரீதேவி, அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள், அவள்தான் மக்டலீனை அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் அருங்காட்சியகத்துக்குத் தன் காரில் கூட்டிப்போனவள். "தாத்தா, வர்ற வழியில அவங்க பேனாவை என்கிட்டயே குடுத்துட்டாங்க," என்று என்னிடம் வந்து சொன்னாள். அங்கே ஒரு பழைய வரைபடம். நோர்வேச் சனத்துக்குப் பிரித்துக் கொடுத்த காணிகளுக்கு அடியில், அங்கிருந்து துரத்தப்பட்ட சனத்தின் பெயர் மங்கலாக இருந்திருக்கிறது. "அப்பு, வீடு பறிகுடுத்தவள் நான். பறிச்ச காணியிலை என்ரை மாரித்தை எப்பிடிக் குடியிருத்துவன்?" என்று கேட்டாள். எனக்குக் குதிரை மட்டும்தான் தெரியும்.

பதிலை அவளே எழுதினாள். பதினேழாம் அத்தியாயம். ஏலியஸ் உழுதுகொண்டு வருகிறான். அந்த நாட்டின் ஆதிக்குடிப் பெண்ணொருத்தி வயலோரத்தில் நிற்கிறாள். அவளுடைய தாயைப் புதைத்த இடம் அடுத்த உழவுச் சாலுக்குள் வரப்போகிறது. மாரித் போய்க் குதிரைக்கு முன்னால், அந்த மண்ணில் உட்காருகிறாள். அவன் எழும்பச் சொல்கிறான். "இதை உழுதால் உனக்கு வயல் இருக்கும். நான் இருக்கமாட்டேன்," என்கிறாள். அந்தப் பந்தியை மக்டலீன் எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

சனங்களே, அந்த அத்தியாயத்தை இந்த உலகத்தில் கேட்டவன் நான் ஒருவன். வாசிக்க இனி ஒருவருக்கும் கிடைக்காது. ஏன்?

கையெழுத்தில் ஏழு கொப்பிகள் எழுதி நிறைத்தாள். முதல் நாலையும் ஸ்ரீதேவி கணினியில் ஏற்றி வைத்திருக்கிறாள். பதின்மூன்றாம் அத்தியாயம்வரை பிழைத்தது. மிச்சம் மூன்றும் மக்டலீனின் கைகளுக்கு அடியில், பெட்டிக்குள், மண்ணுக்குள் இருக்கின்றன. வைக்கச் சொன்னவன் நான்.

இறந்தவரின் கையில் செபமாலையும் செபக் கொப்பியும் வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். பெட்டி மூடப் போகும் நேரம். வின்சென்ற் அறைக்குள் எழும்ப முடியாமல் கிடந்தான். ஸ்ரீதேவி இந்தியாவுக்குப் போயிருந்தாள். நோரா மூன்று கொப்பிகளோடு என்னிடம் வந்தாள். மட்டையில் மாதாவின் படம் ஒட்டியிருந்தது. "அப்பு, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இது அம்மாவின்ரை செபக் கொப்பியோ?" என்று கேட்டாள். நான் வாங்கித் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு சிலுவை. என்ன எழுதினாலும் சிலுவை போட்டுத் தொடங்குவது மக்டலீனின் பழக்கம் என்று இன்று தெரியும். அன்று, நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் கண்ணாடியைச் சரிசெய்து, வாசிப்பவன்போல மூன்று பக்கம் புரட்டினேன். "ஓம் மகள், செபந்தான். வை," என்றேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது.

இந்த நாட்டில் இருபது வருடமாக மறைத்தேன். பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்து மனப்பாடமாகப் பாடுகிறவன் நான். மக்டலீனுக்கு மட்டும் தெரியும். அதனால்தான் எழுதியதெல்லாம் வாசித்துக் காட்டினாள். வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் படித்தவர்கள் நாற்பது பேர் நின்றார்களே, ஒருவரிடம் நீட்டியிருக்கக் கூடாதா? குதிரையின் காதுக்கு இரண்டு சாட்சி கேட்டவளின் ஆறு வருட உழைப்பை ஒற்றைச் சாட்சியோடு, அதுவும் பொய்ச் சாட்சியோடு, புதைத்துவிட்டேன். நோரா, தலையைக் குனியாதே. நீ தெரியாது என்று சொன்னாய். நான் சொல்லவில்லை. பிழை முழுக்க என்னுடையது.

ஸ்ரீதேவி திரும்பி வந்து கொப்பிகளைக் கேட்டபோதுதான் விளங்கியது. மயானத்தை நிர்வகிக்கும் கந்தோருக்கு ஓடினேன். இதற்காகக் குழியைத் திறக்க முடியாது என்றார்கள். வின்சென்றின் காலைப் பிடித்தேன். "அப்பு, அவவைத் திருப்பி எழுப்ப வேண்டாம்," என்றான். நியாயம் தம்பி. ஆனால் இரவில் கண் மூடினால் அவள் எழுதிய மைப் பேனைதான் கண்ணில் நிற்கிறது. மை! இன்றைக்கு மண் உறைந்து கிடக்கிறது. பங்குனியில் பனி உருகினால் தண்ணீர் கீழேதானே போகும்?

சிவநாயகி அக்கா, ஒவ்வொரு ஞாயிறும், முத்தம் எப்ப வரும், முத்தம் எப்ப வரும் என்று அவளை நச்சரித்தீர்களே. பதினாறாம் அத்தியாயத்தில் வருகிறது. அதுவும் அங்கேதான் கிடக்கிறது.

இனி எங்கே இருக்கிறது இந்தப் புத்தகம்? இந்தத் தலைக்குள். பதினான்கிலிருந்து பத்தொன்பதுவரை அவள் வாசித்த சொல் சொல்லாக இருக்கிறது. எழுத்தில்லாதவனுக்குக் கடவுள் கொடுத்த ஒரே கொப்பி இதுதான். ஆனால் போன கிழமை என் செத்துப்போன மனைவியின் பெயரை அரை மணித்தியாலம் தேடினேன். ஐம்பத்திரண்டு வருடம் கூப்பிட்ட பெயர்! மூளைக்குப் போகும் நரம்பில் அடைப்பு என்கிறார் வைத்தியர். நாளைக்கு எது போகும்? மாரித்தா? ஏலியஸா?

அதனால் அஞ்சலி என்று இன்னொரு மாலையை அவளுடைய படத்துக்குப் போடாதீர்கள். எனக்கு எழுதும் கை தாருங்கள். நாளைக் காலையிலிருந்து என் கதவு திறந்திருக்கும். யார் வந்தாலும் சொல்வேன், தொண்டை வற்றும்வரை சொல்வேன். ஒரு வரியும் நானாகச் சேர்க்கமாட்டேன் என்று அவள்மேல் ஆணையிடுகிறேன். இருபதாம் அத்தியாயத்தை அவள் ஆசுப்பத்திரிக் கட்டிலில் எழுதினாள். அதை எனக்கு வாசிக்கவில்லை. அவர்கள் கலியாணம் கட்டினார்களா, ஏலியஸ் மறுபடி செபிக்க முழங்காலில் நின்றானா, எனக்குத் தெரியாது. கேட்காதீர்கள். அந்தப் பக்கங்களை வெள்ளையாகவே அச்சடியுங்கள்.

ஸ்ரீதேவி, எழும்பிவிட்டாயா மகள்? நாளைவரை காத்திருக்க வேண்டாம் என்கிறாயா? தலைவர் மன்னிக்க வேண்டும், எனக்குத் தந்த நேரம் முடிந்தது தெரியும். பேனை இருக்கிறதா? எழுது. பதினான்காம் அத்தியாயம்.

"நான்காம் நாள் காற்று நின்றது. அந்த வீட்டுக்குள் மாரித் தன் குரலை முதன்முறையாகக் கேட்டாள். அவள் யாரையோ மன்னிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்."