மாதுளந்தோல் போத்தல்

ஹலோ... ஹலோ, றோய்! அக்காடா, மேர்லின். வைக்காத, போனை வைக்காத... ஓம், ஓம், ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறன்... ஓம்டா. கால எடுத்திற்றாங்க. முழங்காலுக்குக் கீழ... அப்பாக்கு இன்னும் மயக்கம் தெளியல்ல...

நீ எங்க நிக்கிறாய்? பின்னால ஆர் கத்துற?... ஜொய்சனா? பெரியகல்லாறுக்கு, அவன்ட வீட்டுக்கு ஏன்டா போன நீ?... என்ன?... கத்தியா? எறி! கத்திய எறிடா எருமை!...

ஓம், ஓம், தெரியும். அப்பாவோட தோணியில போறவன். கெளிறு மீன்ட முள்ளு காலில ஏறின நாளில இருந்து அப்பாட காலைக் கழுவி மருந்து கட்டினது அவன்தான்... அதுக்கு?... பல்ல உடைச்சிற்றியா? எத்தினை பல்லு?... சிரிக்கிறியா நாயே? இன்னொருக்கா அவனைத் தொட்டா உன்ட கைய நான் முறிப்பன்!

...இல்ல, கேளு. அவன் புண்ணுக்குப் போட்ட அந்த மருந்துப் போத்தல் அவன்ட சாமான் இல்ல... ஆர் தந்தது எண்டு நீ அடிச்சுக் கொன்டாலும் சொல்ல மாட்டான்டா. மாதாக்கு முன்னால சத்தியம் பண்ண வைச்சிரிக்கு... ஆரா? நான். நான்தாண்டா!

...கம்பஸ்ல நான் செய்த மருந்து. மாதுளந்தோல் சாறு... ஓம், அந்த ஆராய்ச்சிதான். வெளிய கொண்டுவந்தது தெரிஞ்சா என்ட பட்டம் போயிரும் எண்டு அவன்ட வாயக் கட்டினன்... ஓம், அப்பா சீனி வருத்தக்காரன், புண் லேசில ஆறாது எண்டு தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போறன் எண்டு வெளிக்கிட்ட அப்பாவ மறிச்சதும் நான்தான்...

கத்தாத. இன்னும் இரிக்கு... கிருமி வளர்த்த தட்டில சாறு வைச்ச இடத்தச் சுத்திக் கிருமி செத்து வட்டம் விழுந்தது. துள்ளினன். பக்கத்தில சாறு இல்லாம, தோலை ஊறவைக்கிற மெதனோலை மட்டும் வைச்ச இடத்திலயும் அதே அளவு வட்டம்... விளங்கல்லயா? கிருமியச் சாகடிச்சது தோல் இல்லடா, மெதனோல்! அப்பாக்குத் தந்ததில மெதனோலை ஆவியாக்கிற்றன். மிஞ்சினது வெறும் தோல்தண்ணி... ஓம், கண்டன். கண்டும் காணாத மாதிரி இருந்தன்...

றோய்?... றோய், அங்க என்ன சத்தம்? அடிக்கிறியா?... சுவரிலயா? சரி, சுவரில குத்து. அவனில குத்தாத...

போனை அவன்ட காதில வை... வையடா!... ஜொய்சன்? மேர்லின். பேசாத, வாய் கிழிஞ்சு கிடக்கும்... சத்தியத்த நானே உடைச்சிற்றன். உன்னில பாவம் இல்ல... என்ன சொல்லுறாய்?... அப்பாவா? அப்பா உயிரோட இரிக்கார்... அழாத. நீ அழாத...

ஆ, றோய்... ஓம், ஓம். வா. வாட்டு வாசலிலதான் நிக்கிறன். ஓட மாட்டன்... கத்தியோடயா?... சரி, கத்தியோடயே வா. ஆனா முதல்ல அவனைத் தூக்கி ஓட்டோவில ஏத்து. நீ வாற அதே ஓட்டோவில...

ஹலோ?... றோய், அவனை ஏத்தினியா?... ஹலோ...