ஆரஞ்சு நிறப் பவுண்டரி

வெற்றிச்செல்வி: நாலு நிமிசமாண்ணே? இருபது நிமிசம்னு சொல்லித்தானே என்கிட்ட பேரு வாங்குனீங்க?

மணிவேல்: இருபதுதாம்மா இருந்துச்சு. டாஸ் போட லேட்டாயிடுச்சு.

வெற்றிச்செல்வி: டாஸுக்கும் என் பேச்சுக்கும் என்னண்ணே சம்பந்தம்?

மணிவேல்: மாநாட்டுச் செயலாளரு நானு, என் கஷ்டம் எனக்குத்தான் தெரியும். மேட்ச் முடியணும், கயிறு இழுக்குற போட்டி முடியணும், அப்புறம் பரிசளிப்பு. நடுவுல ஒரு சந்து கிடைச்சுது... அதுல உன்னைச் செருகியிருக்கேன்.

வெற்றிச்செல்வி: சந்துல செருகுறதுக்கு நான் என்ன குடையா?

மணிவேல்: கோவிச்சுக்காத. 'கடைக்கோடி மனுசனுக்கும் இணையம்'. பேனர்ல உன் தலைப்புதான் எல்லாத்துலயும் பெருசு.

வெற்றிச்செல்வி: பேனர்ல பெருசு. பேசப் போனா நாலு நிமிசம்.

மணிவேல்: பாரு, எவ்வளவு நறுக்குன்னு பேசுற! இதுக்கு நாலே ஜாஸ்தி.

வெற்றிச்செல்வி: அந்த பேனரையே முழுசாப் படிங்கண்ணே. 'பெரம்பலூர் அரியலூர் இணைய நிர்வாக மாநாடு'. கீழ என்ன நடக்குது? கோலப்போட்டி, இசை நாற்காலி, பன்னெண்டு ஓவர் கிரிக்கெட்டு. காலையில 'தனிநபர் ரகசியம்'னு ஒரு அமர்வு போட்டிருந்தீங்களே, அது எங்க?

மணிவேல்: ஒத்திவைப்பு.

வெற்றிச்செல்வி: ஏன்?

மணிவேல்: பேச வந்தவரு கோலத்துக்கு ஜட்ஜாப் போயிட்டாரு.

வெற்றிச்செல்வி: யாருக்கு முதல் பரிசுங்கறதையாவது ரகசியமா வச்சிருக்காரா?

மணிவேல்: எங்க... கோலம் போட்டு முடிக்கிறதுக்குள்ள சொல்லிட்டாரு. அவரு மச்சினிக்குத்தான்.

வெற்றிச்செல்வி: நல்லா நிர்வாகம் பண்றீங்க.

மணிவேல்: உனக்குக் கேலியாத்தான் தெரியும். உலகம் பூரா இணையக் கூட்டம்னா இப்படித்தாம்மா. பகல்ல பேச்சு, சாயங்காலம் விருந்து, விடிஞ்சா ஓட்டப்பந்தயம். மேடையில மூஞ்சியத் திருப்பிக்கறவன் கிரவுண்டுல கை குடுப்பான்.

வெற்றிச்செல்வி: கை குடுத்து?

மணிவேல்: உறவு வளரும்.

வெற்றிச்செல்வி: உறவு வளந்து?

மணிவேல்: வளந்து... அடுத்த வருசமும் மாநாடு நடக்கும்.

வெற்றிச்செல்வி: அதுலயும் மேட்ச் உண்டா?

மணிவேல்: அரியலூர்க்காரங்க இப்பவே சிமெண்டுப் பிட்ச் வேணும்ங்கறாங்க. அவங்க ஊரு சிமெண்டாம், அவங்களே கொண்டாருவாங்களாம்.

வெற்றிச்செல்வி: இணையத்தை யாரு கொண்டாருவாங்களாம்?

மணிவேல்: சும்மா குத்தாத. அதோ பேட் பிடிச்சு நிக்கிறாரே, வெள்ளைத் தொப்பி... யாருன்னு தெரியுதா?

வெற்றிச்செல்வி: தெரியாம என்ன? திருமுருகன் சாரு. இணையக் கேபிள் லைன் இன்ஜினியரு. ஒம்போது நாளா போன் அடிக்கிறேன், எடுக்கல.

மணிவேல்: பேச வாங்கன்னு கூப்பிட்டேன், நேரமில்லைன்னுட்டாரு. மேட்ச் இருக்குன்னேன்... காலையில ஏழு மணிக்குப் பேடோட வந்து நிக்கிறாரு. இப்ப சொல்லு. விளையாட்டு வேணுமா, வேணாமா?

வெற்றிச்செல்வி: வந்தாரு, சரி. என்ன பேசுனாரு?

மணிவேல்: 'நோ பால்'னு ரெண்டு தடவை பேசுனாரு.

வெற்றிச்செல்வி: எங்க ஊரு லைன் ஏன் செத்துக் கிடக்குன்னு கேட்டீங்களா?

மணிவேல்: அவரு ஆளுங்கதான் தடத்தோட நடந்து தேடிக்கிட்டு இருக்காங்களே. எலி கிலி கடிச்சிருக்கும்மா.

வெற்றிச்செல்வி: இடுப்பளவு ஆழத்துல புதைச்ச கம்பிய எலி கடிக்குமா?

மணிவேல்: குரும்பலூர் பக்கத்து எலி எப்படின்னு உனக்குத் தெரியாது.

வெற்றிச்செல்வி: அந்த எலி கடிச்ச நாள்லேருந்து என் இ-சேவை மையத்துல கம்ப்யூட்டரு பொம்மைதான். இன்னிக்கு அஞ்சு மணியோட மக்காச்சோளத்துக்குக் காப்பீடு பதியுறது முடியுது. அறுபத்து மூணு பேரு பாக்கி. படைப்புழு இப்பவே குருத்துல இறங்கிடுச்சு. பதியலைன்னா, பூச்சி தின்னதுக்கு ஒருத்தரும் பொறுப்பில்ல.

மணிவேல்: செல்லுல பதியலாமே?

வெற்றிச்செல்வி: எங்க ஊர்ல செல்லுக்கு டவர் வேணும்னா தண்ணி டேங்க் மேல ஏறணும். அறுபத்து மூணு பேரையும் ஏத்தவா?

மணிவேல்: அப்ப டவுனுக்கு வந்திருக்கலாம்.

வெற்றிச்செல்வி: வந்தோமேண்ணே. மத்த சென்டர்லயெல்லாம் டோக்கன் நாளைக்குத்தான்னுட்டாங்க. கடைசியா நீங்க நடத்துற இ-சேவை சென்டருக்குப் போனோம். பூட்டியிருந்துச்சு. ஒரு அட்டை தொங்குச்சு. 'இணைய மாநாட்டை முன்னிட்டு இன்று இணைய சேவை கிடையாது'.

மணிவேல்: அது... பொதுநலத்துக்காக.

வெற்றிச்செல்வி: பாத்தாலே தெரிஞ்சுது.

மணிவேல்: அப்ப ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் இங்க வந்து உக்காந்துட்டியா?

வெற்றிச்செல்வி: ஆமாண்ணே. மேட்ச் பாக்கலாம்னு.

மணிவேல்: அப்படி வா வழிக்கு. அந்த நாற்காலிய இழுத்துப் போட்டுக்க.

வெற்றிச்செல்வி: பவுண்டரி ரொம்ப அழகா இருக்குண்ணே.

மணிவேல்: இருக்கும்ல? போன வருசம் சுண்ணாம்பு போட்டோம், ஒரு தூறல்ல கரைஞ்சிடுச்சு. இது பாரு, ஆரஞ்சு பைப்பு. ரோட்டுல போற பஸ்லேருந்து பாத்தாக்கூடத் தெரியும்.

வெற்றிச்செல்வி: எங்க வாங்குனீங்க?

மணிவேல்: வாங்கல... கிடைச்சுது.

வெற்றிச்செல்வி: எங்க கிடைச்சுது?

மணிவேல்: கிடைக்கிற எடத்துல. ஏய், பாலப் பாரு பாலப் பாரு... ஃபோரு! சாரு அடிச்சாருன்னா அடிதான்.

சுந்தராம்பாள்: வெற்றி... உள்ள ஒரு கேன் தண்ணி அனுப்பச் சொல்லேன். எல்லாருக்கும் நாக்கு வறண்டு கிடக்கு.

மணிவேல்: நீங்க யாரும்மா?

சுந்தராம்பாள்: கழுத்துல அட்டை தொங்குதுல்ல தம்பி.

மணிவேல்: 'சிறப்புப் பிரதிநிதி, சிங்கப்பூர்'... இது அவரு வரலைன்னு மேசையில வச்ச அட்டையாச்சே!

சுந்தராம்பாள்: மேசையில ஒரு ஆளும் இல்ல, எல்லாரும் மேட்ச்சுக்குப் போயிட்டாங்க. கைக்கு இதுதான் வந்துச்சு. எம்மவன் சிங்கப்பூர்லதான் வேலை பாக்குறான், பொய்யில்ல.

வெற்றிச்செல்வி: எங்க ஊரு சுந்தராம்பாள் அக்காண்ணே. என் பேச்சைக் கேக்க வந்திருக்கு.

மணிவேல்: இருங்க, இருங்க. உள்ள ஆளு இருக்காங்களா? ஹால் காலியாக் கிடக்குன்னுல்ல நெனச்சேன்.

சுந்தராம்பாள்: காலியா? நாற்காலி பத்தாம கீழ உக்காந்திருக்காங்க.

மணிவேல்: எந்த அமர்வு நடக்குது?

வெற்றிச்செல்வி: நீங்க வச்ச தலைப்புதான். கடைக்கோடி மனுசன்.

மணிவேல்: தூங்குறாங்களா?

சுந்தராம்பாள்: தூக்கமா? திரையிலேருந்து கண்ண எடுக்கல தம்பி.

மணிவேல்: அடடா... இத்தனை வருசத்துல அப்படி ஒரு அமர்வு நடந்ததே இல்லையே! போட்டோ எடுத்துடணும்.

வெற்றிச்செல்வி: இப்ப வேணாம்ண்ணே. போட்டோன்னா தலைய வார ஆரம்பிச்சிடுவாங்க. அக்கா, நீ போ, தண்ணி வரும்.

சுந்தராம்பாள்: சீக்கிரம் அனுப்பு. அந்தா அந்த மேசையில முறுக்கு இருக்கே, அது பிரதிநிதிக்கு உண்டா தம்பி?

மணிவேல்: எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க... சிங்கப்பூர்ல கேட்டா நல்லபடியாச் சொல்லுங்க.

வெற்றிச்செல்வி: அண்ணே... பன்னெண்டு ஓவரு ரொம்பக் கம்மி இல்ல?

மணிவேல்: என்னது?

வெற்றிச்செல்வி: இருபது ஓவரா ஆக்கிடுங்க.

மணிவேல்: இப்பதானம்மா என்னை உரிச்சுத் தொங்கவிட்ட?

வெற்றிச்செல்வி: யோசிச்சுப் பாத்தேன். உறவு வளரட்டுமே.

மணிவேல்: அப்ப உன் நாலு நிமிசம் போயிடும்.

வெற்றிச்செல்வி: போகட்டும். நாட்டுக்காக.

மணிவேல்: நீ இப்படிப் பேசுறது எனக்குப் பயமா இருக்கு... இரு, செல்லுல நம்ம மேட்ச் நேரலை ஏன் சுத்திக்கிட்டே நிக்குது? மாநாட்டுக்குன்னு தனியாப் போட்ட வைஃபை, காலையில பறந்துச்சே.

வெற்றிச்செல்வி: வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்.

மணிவேல்: வைஃபைக்கு என்ன வெயிலு? எவனோ உள்ள உக்காந்து இழுக்குறான். போயி மோடத்தை ஒருதரம் அணைச்சுப் போட்டா அத்தனையும் அறுந்து...

வெற்றிச்செல்வி: வேணாம்ண்ணே.

மணிவேல்: ஒரு நிமிசம் வேலை.

வெற்றிச்செல்வி: மோடத்துல கை வைக்காதீங்க.

மணிவேல்: கையை விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க.

வெற்றிச்செல்வி: விடுறேன். நீங்க உள்ள போங்க, நான் பவுண்டரிகிட்ட போறேன். அந்தப் பைப்போட முனையில கண்ணாடி நரம்பு மாதிரி அறுந்த கம்பி எட்டிப் பாக்குதே... அதை சாருகிட்ட காட்டிட்டு வரேன். என் மையத்து வாசல்ல மண்ணுலேருந்து ஏறுது பாருங்க ஒரு பைப்பு, அதுலயும் இதே எழுத்து, இதே கலரு. ஒம்போது நாளா எலியத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

மணிவேல்: மெதுவாப் பேசும்மா... எப்பத் தெரியும் உனக்கு?

வெற்றிச்செல்வி: காலையில கேட்டுக்குள்ள நுழையும்போதே.

மணிவேல்: கிரவுண்டுல மழைத்தண்ணி நிக்கக் கூடாதேன்னு வாய்க்கா வெட்டச் சொன்னேன். ஜேசிபிக்காரன் ஒரு அள்ளு அள்ளுனான்... பாம்பு மாதிரி வெளிய வந்துடுச்சு. சொன்னா மேட்ச் நின்னுடும். சாரு கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாரு.

வெற்றிச்செல்வி: அதைத் தூக்கிப் பவுண்டரியா வச்சீங்க?

மணிவேல்: ஒளிச்சு வச்சாத்தான் தேடுவாங்க. எல்லாரு கண்ணு முன்னாடியும் வச்சா எவன் பாக்கப் போறான்? சாரே ஃபீல்டிங்ல ரெண்டு தடவை அது மேல கால வச்சுத்தான் பாலை எடுத்தாரு... தெரியலையே.

வெற்றிச்செல்வி: பரிசளிப்பு மேடையில நீங்களே மைக்க பிடிச்சுச் சொல்லிடுங்க. என் நாலு நிமிசத்தை உங்களுக்குத் தரேன்.

மணிவேல்: சொல்றேன். சத்தியமாச் சொல்றேன். ஆனா ஒண்ணு சொல்லு... காலையிலயே தெரிஞ்சும் சார்கிட்ட போகாம, என் பக்கத்துலயே உக்காந்து இவ்வளவு நேரம் எதுக்கு வாயடிச்ச? உள்ள என்ன நடக்குது?

வெற்றிச்செல்வி: காலையிலயே சொல்லியிருந்தா மாநாடு கலைஞ்சிருக்கும், வைஃபையும் போயிருக்கும். உங்கள இங்க உக்கார வைக்கத்தான் என் வேலை, உள்ள உங்க வைஃபைல பதியுறதை என் மையத்துல வேலை பாக்குற சசிகலா பாத்துக்கறா. அறுபத்து மூணுல அம்பத்தொண்ணு பேருக்குக் காப்பீடு ஏறியாச்சுன்னு இப்பத்தான் சேதி அனுப்புனா, இன்னும் பன்னெண்டு. சாரு வேற தடுமாறுறாரு பாருங்க, அவரு அவுட்டானா மேட்ச்சும் முடிஞ்சிடும்... ஓடிப்போயி அம்பயர்கிட்ட சொல்லுங்கண்ணே. அஞ்சு மணி வரைக்கும் ஸ்டம்ப்பே பறந்தாலும் அவரு நாட் அவுட்.