திட்டிவாசலுக்கு அந்தப் பக்கம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கு அதுதான் காரணம், சார். உங்கள் ஆள் எழுதினால் பிறகு நீங்களே படிக்கச் சிரமப்படுவீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். பன்னிரண்டாவது தாண்டவில்லை. பாடப்புத்தகம் விற்கும் ஏஜென்சி வேலைக்கு வந்தேன், ஏஜென்சியை மூடிவிட்டார்கள், கள்ளக்குறிச்சியிலேயே தங்கிவிட்டேன். பதினோரு வருடம் ஆகிறது. மாவட்டம் பிரிந்து கலெக்டர் ஆபீஸ் வந்ததும் மனு எழுத ஆள் தேவைப்பட்டது. அறிவுச்செல்வனுடைய ஜெராக்ஸ் கடைத் தாழ்வாரத்தில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாள். அன்றைக்கு நிமிர நேரமிருக்காது. மற்ற நாட்களில் நாவல் எழுதுவேன்.

நாவலைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஒருவன் மலைப் பாறையில் ஒரு கதவைக் கண்டு அதன் வழியாக இன்னொரு உலகத்துக்குப் போகிறான். அங்கே கதை சொன்னால்தான் சோறு. கதை தீர்ந்தவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோவான். இதை ஆறு வருடம் எழுதினேன். சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது. கதவு நன்றாக இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சொன்னது சரி. நான் எந்த அந்தப் பக்கத்துக்கும் போனவனில்லை.

செவ்வந்தி அந்த வருடம் வைகாசியில் வந்தாள். வெள்ளிமலைக்கு அப்பால் அவள் வீடு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். அவள் கணவன் பச்சமுத்துவை மரம் வெட்டும் வேலை என்று சொல்லி ஒரு மேஸ்திரி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். நாலு மாதமாகத் தகவல் இல்லை. கண்டுபிடித்துத் தரச்சொல்லி மனு எழுதினேன். மலைக்காரர்களின் மனுவில் தொடர்பு முகவரியாக என் மேஜையைப் போடுவது வழக்கம். தபால் அவர்கள் வீட்டுக்கே போனாலும் படிக்க ஆள் தேடி அவர்கள் என்னிடம்தான் இறங்கி வர வேண்டும். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துத்தான் எல்லாருக்கும் அப்படிச் செய்தேன்.

ஆவணியில் பச்சமுத்துவிடமிருந்து கடிதம் வந்தது. அவரைக் கண்டுபிடித்தது என் மனுதான் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மனு எங்கெங்கோ சுற்றி, செம்மரம் வெட்டிய வழக்கில் பக்கத்து மாநிலத்து ஜெயில் ஒன்றில் அவர் இருக்கிறார் என்று தெரிந்து, அங்கே அவரிடம் என் முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள். பச்சமுத்துவுக்கும் எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, கூட இருந்த ஒரு திருப்பத்தூர்க்காரன் எழுதியிருந்தான்.

அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். "செவ்வந்திக்கு. நான் உசுரோட கீறேன். பெரிய இரும்புக் கதவு. அதுக்குள்ள சின்னதா ஒரு கதவு. குனிஞ்சிதான் உள்ள போவணும். குனிஞ்சி நிமுந்தா அந்தாண்ட வேற பாஷ, வேற சோறு. இங்க பேரு கெடையாது, நம்பருதான். மணி அடிச்சா எந்திரிக்கிறோம், மணி அடிச்சா குந்திக்கிறோம்."

பெரிய கதவுக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கதவுக்குத் திட்டிவாசல் என்று பெயர். பழைய கோட்டைகளில் உண்டு. ஆறு வருடமாக நான் தேடிய அந்தப் பக்கம், தெரியாத ஒருவனின் கையெழுத்தில் என் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தது.

கடிதத்தில் இன்னொரு பத்தியும் இருந்தது. ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். ஊரிலிருந்து இரண்டு பேர் வீட்டு வரி ரசீதும் ஆதாரும் எடுத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள். இலவச வக்கீலும் இருக்கிறார். அண்ணனையும் பெரியப்பாவையும் அனுப்பு.

அடுத்த திங்கள் செவ்வந்தி வந்து எதிரே உட்கார்ந்தாள். "இன்னா எழுதிக்கிறாருங்க ஐயா?" என்று கேட்டாள். முழுவதும் படிக்கத்தான் எடுத்தேன். உசுரோட கீறேன் என்று படித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயில் என்ற வார்த்தை அந்தக் கடிதத்தில் இல்லை, ஜாமீன் பத்தி வரைக்கும். கதவைப் படித்தேன். இன்னும் கொஞ்சம் விரித்துப் படித்தேன். அவள் முழங்கையை என் மேஜையில் ஊன்றிக்கொண்டு கேட்டாள். பதினோரு வருடத்தில் நான் படிப்பதை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஜாமீன் பத்திக்கு வரும்போது அவளுடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தேன். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு பை சாமை கொண்டுவந்தாள். ஜெயில் என்று சொன்னால் அவள் இடிந்துபோவாள் என்று பட்டது. அதனால் அது ஒரு தூரத்து நாடு என்றேன். அங்கே வெட்டின மரம் விடிவதற்குள் முளைத்துவிடும், அதனால்தான் வேலை முடியவில்லை, கதை சொல்கிறவர்களுக்கு அங்கே மரியாதை என்றேன். அவள் ஒன்றும் தெரியாதவள் என்று நினைக்காதீர்கள். "அவுரு இம்மாஞ் சோடிச்சிப் பேசமாட்டாரே" என்று அன்றைக்கே சொன்னாள். கடிதத்தைத் திருப்பிக் காட்டினேன். ஜெயில் முத்திரை வட்டமாக, ஊதா மையில், புரியாத எழுத்தில் இருந்தது. அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "கவுருமெண்டு சீலா?" என்றாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

மனு எழுத வருகிறவர்களிடம் நான் பார்த்தது இதுதான். பட்டாவோ சாதிச் சான்றிதழோ, முத்திரை விழாத காகிதத்தை அவர்கள் நம்பமாட்டார்கள். விழுந்துவிட்டால் சந்தேகப்படமாட்டார்கள். செவ்வந்தி என் கதையை நம்பவில்லை. முத்திரையை நம்பினாள். அதை நான் போடவில்லை.

பதில் கடிதமும் நான்தான் எழுதினேன். அவள் சொன்னது சின்னதாக இருக்கும். ஆடு குட்டி போட்டது, ஓடு மாற்றியாகிவிட்டது, சீக்கிரம் வா. அதை அப்படியே எழுதுவேன். அதன்கீழே, ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறு என்று சேர்ப்பேன். பிறகு நாவலுக்கு வேண்டியதைக் கேட்பேன். சின்னக் கதவை மூடும்போது என்ன சத்தம் வரும். சுவரில் என்ன நிறம். முதல் ராத்திரி காதில் என்ன கேட்டது. பச்சமுத்து ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மனைவி ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்று நினைத்திருக்கலாம். கதவின் சத்தத்தைப் பற்றி, "பெரிய மாடு ஒருதபா மூச்சு உட்ட மாரி" என்று எழுதச் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வரி ஆயுசுக்கும் வராது.

ஐந்தாவது கடிதத்தில், "நீ ஏன் கதவப் பத்தியே கேக்குற செவ்வந்தி? ஆள அனுப்பு" என்று இருந்தது. அதற்குப் பிறகு கேள்விகளைக் குறைத்துக்கொண்டேன்.

கடிதம் வராத வாரங்களிலும் நாவலின் பக்கங்களையே கடிதம் என்று அவளுக்குப் படிப்பேன். முடிக்கிறவரைக்கும் திங்கட்கிழமைக் கூட்டம் காத்திருக்கும். "சார், மனு எழுத வந்தவங்கள குந்தவச்சி சினிமாக் கதை சொல்லிக்கினு கீறீங்களே, ஜனம் வெயில்ல நிக்கிது" என்பான் அறிவுச்செல்வன். பாதிப் பேர் மனுவை மறந்துவிட்டு அவள் பின்னால் நின்று கேட்பார்கள். தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவனும்தான் கேட்டான்.

ஐப்பசியில் ஒருநாள் அவள், "எங்க வூட்டுக்காரரோட அண்ணன் கேக்குறாருங்க. ரெண்டு பேரு போயி ஒரு எட்டு பாத்துட்டு வரட்டான்னு. ஆதாரு கீதாரு வேணுமான்னாரு" என்றாள்.

இந்த இடத்தை நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். நான் சொன்ன பதில் இதுதான். அந்த நாட்டுக்கு வெளியாள் போனால் உள்ளே இருப்பவருக்கு வழி அடைபட்டுவிடும், அவர் கதை முடிகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றேன். அவர் அண்ணன் அதோடு கேட்பதை நிறுத்திக்கொண்டாராம். அப்போது நாவலில் முந்நூறாவது பக்கத்தில் இருந்தேன். பாதியில் நிறுத்தினால் அவர் பட்டதும் நான் எழுதியதும் இரண்டுமே வீணாகிவிடும்.

இருமலைப் பற்றி நாலாவது கடிதத்திலேயே இருந்தது. ஏழாவதில் ரத்தம் வருகிறது என்று எழுதியிருந்தார். நாவலில் அதைச் சிவப்புப் பூவாக மாற்றினேன். அந்த நாட்டில் ரொம்ப நாள் கதை சொன்னவனுக்கு நெஞ்சிலிருந்து சிவப்பாகப் பூ உதிரும், அது வெளியே வரப்போகிறான் என்பதற்கு அடையாளம். செவ்வந்திக்கு அந்த அத்தியாயம் பிடித்திருந்தது. பூவுக்கு வாசம் உண்டா என்று கேட்டாள்.

எட்டாவது கடிதத்தில் கடைசியாக ஒரு வரி, "பெரியப்பன் முடியலன்னா வேற யாரா இருந்தாலும் செரி." அதற்குப் பதில் எழுதவில்லை. கடைசி அத்தியாயத்தில் இருந்தேன்.

ஒன்பதாவதைத் திருப்பத்தூர்க்காரன் தானாக எழுதியிருந்தான். பச்சமுத்து அண்ணன் இறந்துவிட்டார், மூன்று நாளைக்குள் யாராவது வந்தால் உடலைத் தருவார்கள். அது என் கைக்கு வந்தபோது பத்து நாள் ஆகியிருந்தது. யார் போயிருந்தாலும் பிரயோஜனமில்லை. அதே வாரம் தேர்தல் அறிவித்து மனு நாளையும் நிறுத்தியிருந்தார்கள். செவ்வந்தி வரவில்லை. எனக்கு இரண்டரை மாதம் முழுசாகக் கிடைத்தது. உட்கார்ந்து இரண்டே வாரத்தில் முடித்தேன். நாவலின் கடைசியில் அவன் குனிந்து திட்டிவாசலைத் தாண்டி வெளியே வருகிறான். சென்னைப் பதிப்பகத்துக்கு மறுபடி அனுப்பினேன். அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

ஜூனில் மனு நாள் மறுபடி ஆரம்பித்த அன்று, செவ்வந்தி என் எதிரே உட்கார்ந்திருக்கும்போது சந்தியா என்ற வக்கீல் வந்தாள். இலவச சட்ட உதவிக்காரி. அந்த ஜெயிலிலிருந்து வந்த ஃபைலில் என் மேஜைதான் முகவரி. "பச்சமுத்து வீட்டுக்காரங்க யாராச்சும் உங்ககிட்ட வருவாங்களா சார்?" என்று கேட்டாள். இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒன்பது கடிதங்களையும் எடுத்துக் கொடுத்தேன். இதை நீங்கள் எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளலாம். புத்தகம் அச்சுக்குப் போயிருந்தது. கடிதங்கள் இனித் தேவைப்படவில்லை.

சந்தியா அதில் மூன்றை, கடைசிக் கடிதம் உட்பட, அங்கேயே உரக்கப் படித்தாள். படிக்கத் தெரிந்தவள்தான், ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. ஜெராக்ஸ் மிஷினை அறிவுச்செல்வன் அணைத்துவிட்டான். செவ்வந்தி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சந்தியாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எந்தத் தேதிலங்க செத்தாரு?"

"மார்ச் பதினொன்னுங்கம்மா. திங்கக்கெழம. மத்தியானம்."

"திங்கக்கெழமன்னா நான் இங்கதான கீறேன்" என்றாள் செவ்வந்தி. கொஞ்ச நேரம் என் மேஜையையே பார்த்தாள். அன்றைக்கு நான் படித்தது எனக்கும் ஞாபகம் வந்தது. அந்த நாட்டு ராஜாவுக்கு ஒரு குறை. தன் குறையைத் தீர்க்க யாரிடம் போவது என்று தெரியாமல், அவனே மனு எழுதி எடுத்துக்கொண்டு தன் அரண்மனை வாசலில் வரிசையில் நிற்கிறான். காவலாளி அவனைப் பார்த்து, ஆதார் ஜெராக்ஸ் இல்லை, அடுத்த வாரம் வா என்கிறான்.

"அன்னிக்கி நான் சிரிச்சேன்" என்று சந்தியாவிடம் சொன்னாள். "தலையில பூ வச்சிக்கினு வந்து, இங்க குந்திக்கினு சிரிச்சேன்."

சார், எந்தப் பிரிவில் எழுதுவது என்று காலையிலிருந்து நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வேலையை நான் சுலபமாக்குகிறேன். முதல் கடிதம் வந்த வாரமே இரண்டு பேர் போயிருந்தால், பச்சமுத்து ஆயுத பூஜைக்கு வீட்டில் இருந்திருப்பார். அது எனக்கு முதல் நாளே தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் தெரியும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆள் போய்விட்டால் கடிதம் நின்றுவிடும், கடிதம் நின்றால் அவள் வரமாட்டாள், புத்தகம் முடியாது. அதனால் அவரை உள்ளேயே வைத்திருந்தேன். இரும்புக் கதவை அவர்கள் திறந்துவிட்டார்கள். மூடி வைத்தது நான்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் கணவன் உயிர் போன அந்த நேரத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆபீஸ் வாசலில் வேறு யாரும் வேறு யாரையும் சிரிக்க வைத்து நான் பார்த்ததில்லை.

கடிதங்களை முந்தானையில் முடிந்துகொண்டு செவ்வந்தி எழுந்தாள். சந்தியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி வந்து, கூட்டத்துக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னாள். "இனிமே யாருக்கும் எதுவும் படிச்சிக் காட்டாதீங்க ஐயா."

ஐயா என்றுதான் சொன்னாள். எழுதாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. இன்னும் நாலு தாள் கொடுத்தால் நன்றாக இருக்கும்.