அரண்மனைப் பொட்டலில் வைத்த வெற்றிலை

மத்தியானம் பன்னிரண்டே முக்கால். கொத்தமங்கலத்துக்கு அப்பால் ஒரு மண் ரோடு... இரண்டு மைல். வழியில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அதில் ஒரே ஓர் ஆள், கையில் மஞ்சள் பையோடு நடந்து போகிறார்.

"பேயின்னா ராத்திரிதானே வரும்? மத்தியானத்துல அதுக்கு என்ன சோலி?" என்று கேட்காதே மருது. ராத்திரியிலாவது ஒரு காவல்காரன் முழித்திருப்பான். உச்சி உருமத்தில் எல்லோரும் உள்ளே அடங்கிவிடுவார்கள். தெருவில் கேட்க நாதி இருக்காது. அந்தச் சிம்னி விளக்கைக் கொஞ்சம் இறக்கி வை. இந்த மழையில் கரண்டு இப்போதைக்கு வராது.

இது எனக்கு நடந்ததில்லை. உனக்கு முன்னால் என்னோடு இதே அறையில் தங்கியிருந்த குழந்தைவேலுவின் சித்தப்பாவுக்கு நடந்தது. அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வருஷம் அறுபத்தெட்டு. வைகாசி மாதம். சித்தப்பா பெயர் ஞானசம்பந்தம். தேவகோட்டையில் தச்சு வேலை. மனைவி இறந்து எட்டு வருஷம். ஒரே மகள் உமையாள். அவளுக்கு ஆனியில் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் தாயார் பொன்னுத்தாயி ஒரு பேச்சுப் போட்டிருந்தாள்.

"எங்க சனம் நாப்பது பேரு வருவாக. வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல முறையா ஒரு பொம்பளை வேணும். நீங்க மட்டும் துண்டைப் போட்டுக்கிட்டு நின்னீகன்னா, வந்த வண்டியிலயே திரும்பிருவோம். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

அவருக்கு யார் இருக்கிறார்கள்? குழந்தைவேலுவின் அம்மா தாலியறுத்தவள், வாசலில் நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். மிச்சம் ஒரே ஒருத்தி. செத்துப்போன மனைவியின் பெரியம்மா, அம்மாக்கண்ணு. தாலியும் பூவுமாக இருக்கிறவள். அந்த மண் ரோடு போய்ச் சேரும் ஊரில், புருஷனோடு ஒரு செட்டியார் வீட்டுக்குக் காவலிருந்தாள். சித்தப்பா அவளைத் தன் கல்யாணத்தன்று பார்த்ததுதான். முகம்கூட மறந்துவிட்டது. அவளை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கத்தான் அந்த வெயிலில் போனார். அவள் வராவிட்டால் மகள் கல்யாணம் வாசலோடு நின்றுவிடும்.

அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம். நடுவில் ஒரு பெரிய பொட்டல். மூன்று பக்கமும் அரண்மனை அரண்மனையாக வீடுகள், நாலாவது பக்கம் ஊருணி. அரண்மனைப் பொட்டல் என்றுதான் பெயர். தையில் பத்து நாள், வைகாசியில் பத்து நாள் அங்கே சந்தை. பாய், இரும்புச் சட்டி, பனையோலையில் முடைந்த கொட்டான் பெட்டி, மாம்பழம்... ஜனம் நெரியும். சந்தை கலைந்தால் அடுத்த சந்தை வரை ஒரு குஞ்சு நடமாடாது. வீட்டுக்காரர்கள் எல்லாம் கடல் கடந்து போய்விட்டவர்கள்.

சித்தப்பா போய்ச் சேர்ந்தது சந்தை கலைந்த மறுநாள். கொட்டகைக் கால் ஊன்றிய குழிகள். வைக்கோல். அழுகின மாம்பழ வாடை. அத்தனை ஜன்னலும் சாத்திக் கிடந்தது. தன் செருப்புச் சத்தம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வருவதை அவரே கேட்டிருக்கிறார்.

நடு வீடு என்பதுதான் அவருக்குத் தெரிந்த அடையாளம். முன்வாசல் கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. தள்ளினார். கிர்ர்ர்... என்று அடியில் தரையை உரசிக்கொண்டு நகர்ந்தது.

உள்ளே இருட்டு. வௌவால் நாற்றம், பூட்டிக் கிடந்த தேக்கு வாசனை. அதற்கு நடுவே... பச்சைப் பனையோலை மணம். சர்ர்... சர்ர்... என்று ஓலை கிழிக்கும் சத்தம். வீட்டின் முதல் கட்டைத் தாண்டினார். இரண்டாம் கட்டில், முற்றத்து ஓரம், ஒரு தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி. கையும் மடியும்தான் தெரிந்தன. முகம் தூணின் மறைவில்.

"யாரு?"

"நான்தான் அத்தை... தேவகோட்டை ஞானசம்பந்தம்."

"வா தம்பி."

மாப்பிள்ளை என்று சொல்லவில்லை, தம்பி என்றாள். வயதாகிவிட்டது, மறதி என்று அவர் நினைத்துக்கொண்டார். அங்கேதான் அவர் தப்புப் பண்ணினது.

பத்திரிகையையும் வெற்றிலை பாக்கையும் நீட்டினார். அவள் கை நீட்டவில்லை.

"கீழ வை... எனக்கா அது?"

"உங்களுக்குத்தான் அத்தை. என் மக கல்யாணம். நீங்கதான் வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு கேக்கணும்."

ஓலைச் சத்தம் நின்றது.

"என்னைய ஒருத்தரும் அழைச்சதில்லை தம்பி. கூடத்துல கல்யாணம் நடக்கும்... மேளம் கேக்கும்... நான் இங்குட்டு உக்காந்து ஓலை கிழிச்சுக்கிட்டே இருப்பேன். வாரேன். வாசல்லதானே? நிக்கிறேன்."

அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. எழுந்திருக்கும்போது அவள் மறுபடி சொன்னாள்.

"கதவு உரசுது பாத்தியா. முன்வாசல்லேருந்து பின்வாசல் வரைக்கும் எல்லாக் கதவும் இப்படித்தான். வெளிய வர முடியலை. ஒரு ஆசாரியைக் கூப்பிட ஆளில்லை."

"கூப்பிட வேற ஆளு எதுக்கு அத்தை? நான் இருக்கேன்ல. கல்யாணம் முடியட்டும், எல்லாத்தையும் இழைச்சுத் தாரேன்."

தச்சு வேலை செய்கிற எவனும் இப்படித்தான் சொல்வான். வாயில் வந்துவிடும்.

பொட்டலுக்கு வந்தார். கண் கூசியது. ஊருணி ஓரமாக ஒருவன் கடைசிக் கொட்டகையின் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பெயர் ஆண்டியப்பன்.

"யாரைப் பாக்க வந்தீக?"

"அம்மாக்கண்ணுவை. பாத்துட்டேன்."

"இங்குட்டு எங்க பாத்தீக? அவுக பின்தெருவுலல்ல இருக்காக. இந்த வாசலு பூட்டி இருவத்தஞ்சு வருசம் இருக்குமே."

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். முன்வாசல் கதவு சாத்தியிருந்தது. அதில் ஒரு பூட்டு... தேங்காய் அளவு. துருப் பிடித்துக் கதவோடு கதவாக ஒட்டிப் போயிருந்தது.

அந்த வீடுகளெல்லாம் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. அவர் எப்படிச் சுற்றிப் போனாரோ தெரியாது. பின்வாசலை ஒட்டிய அறையிலிருந்து ஓர் அம்மாள் வெளியே வந்தாள். அறைக் கதவு அடியில் உரசியது.

"வாங்க மாப்பிள்ளை! இந்த வெயில்லயா நடந்து வந்தீக?"

அந்த 'மாப்பிள்ளை'யைக் கேட்டதும் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். அம்மாக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எந்நேரமும் ஓலை கிழிக்கிற சத்தம் கேக்கும் மாப்பிள்ளை. யாருன்னு நான் கேட்டதே இல்லை. கேட்டா பதில் சொல்லிருமோன்னு பயம்."

"வெத்திலையை வச்சுட்டேனே அத்தை."

"வச்சதை எடுக்கவா முடியும்? நான் வந்து நிக்கிறேன். நீங்க மகளைப் பாருங்க."

ஆனி மாதம் கல்யாணம். அம்மாக்கண்ணு வந்தாள். பட்டுடுத்தி, சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். சித்தப்பாவின் கண் முழுக்க அந்த வாசல்மேலேயே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வண்டி வந்தது. நாற்பது பேரும் இறங்கினார்கள். உள்ளே வந்தார்கள். தாலி ஏறியது. அப்போதுதான் அவர் மூச்சு விட்டார்.

சாயங்காலம் பொன்னுத்தாயி சிரித்துக்கொண்டே வந்து ஒரு கொட்டானை நீட்டினாள். புது ஓலை, பச்சை வாசனை. சம்பந்தி கொடுக்கிறாளே என்று அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே வெற்றிலை, பாக்கு.

"நான் சொன்னதுக்கு ஒண்ணுக்கு ரெண்டு பேரா நிறுத்திப்பிட்டீகளே! அந்த இன்னொரு ஆச்சிதான் இதை உங்க கையில குடுக்கச் சொன்னாக. ஆனா ஒண்ணு சம்பந்தி, அவுகளுக்கு உடம்புக்கு ஏதும் ஆகாதா? என் கையைப் பிடிச்சு வாங்கன்னாக... அப்படி ஒரு சில்லுப்பு."

தச்சு வேலைக்கு ஆள் அழைக்கிறவர்கள் வெற்றிலை பாக்கு கொடுத்துத்தான் அழைப்பார்கள். வாங்கிக்கொண்டால் போயே தீர வேண்டும். அவர் வாங்கிக்கொண்டுவிட்டார்.

உமையாள் புருஷன் வீட்டுக்குப் போனாள். சித்தப்பா தனியாக இருந்தார். தானே பொங்கி, தானே தின்று... கொட்டான் உத்தரத்தில் தொங்கியது. ஆடி போயிற்று, ஐப்பசி போயிற்று. உள்ளே இருந்த வெற்றிலை வாடவில்லை.

தைச் சந்தை கலைந்த மறுநாள். குழந்தைவேலு கண்ணால் பார்த்தது இது. சித்தப்பா குளித்து, விபூதி பூசி, இழைப்புளியையும் உளியையும் பையில் எடுத்து வைத்தார்.

"போகாதீக சித்தப்பா."

"வாங்கினது வாங்கினதுதானேடா. கதவு வேலைதான்..." என்றவர் வீட்டுக்குள் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். "இங்க மட்டும் யாரு இருக்கா?"

மூன்று நாள் கழித்துக் குழந்தைவேலு தேடிப் போனான். அரண்மனைப் பொட்டலில் ஆள் இல்லை. நடு வீட்டு முன்வாசற்படியில் சித்தப்பாவின் செருப்பு, உள்ளே போகிறவன் கழற்றி விட்ட மாதிரி. பூட்டு அதே பூட்டு. அதன்மேல் சிலந்தி வலை... அறுபடாத வலை.

காதை வைத்துக் கேட்டான். சர்ர்... என்று ஓலை. அதோடு கூடவே, ஸ்ர்ரக்... ஸ்ர்ரக்... என்று இழைப்புளி. கதவின் அடியில் இப்போது விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அந்த வழியாக ஒரு தேக்குச் சீவல், சுருண்டு சுருண்டு, அவன் கால் பக்கமாக வெளியே வந்தது. தொட்டுப் பார்த்திருக்கிறான். சூடாக இருந்ததாம்.

பூட்டை உடைக்கச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும் என்றார்கள். பினாங்குக்கு மூன்று கடிதம் போட்டோம். எழுதினது நான்தான். பதில் இல்லை.

அம்மாக்கண்ணு இன்னும் அந்தப் பின்வாசல் அறையில்தான் இருக்கிறாள். புருஷனும் போய்விட்டான். வேறு போக்கிடம் இல்லை. யாரையாவது பிடித்துக் குழந்தைவேலுவுக்குக் கார்டு எழுதுவிப்பாள். அவன் மெட்ராஸ் போனபின் கார்டுகள் இந்த விலாசத்துக்கே வருகின்றன. தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். எழுபதில் எழுதுகிறாள், இழைப்புளிச் சத்தம் இப்போது முதல் கட்டில் என்று. எழுபத்திரண்டில் இரண்டாம் கட்டு. போன தையில் சமையற்கட்டு. அறை அறையாக, முன்வாசலிலிருந்து பின்னால்...

மருது, அந்தச் சிம்னியை இங்கே கொண்டு வா. இது போன வியாழக்கிழமை வந்தது. நாலு வரிதான். இன்னும் பதில் எழுதவில்லை. படிக்கிறேன்.

"சிரஞ்சீவி குழந்தைவேலுவுக்கு. நான் சுகம். ரெண்டு நாளா சத்தம் ஒண்ணும் இல்லை. இன்னைக்கு வெடியக்காலம் எந்திரிச்சுப் பாக்கிறேன், என் அறைக் கதவு உரசாமத் திறக்குது."