பின்விளக்குச் சுவிட்சைப் பற்றி மாற்றிச் சொல்வது

என் பெயர் சின்னச்சாமி. வயது 72. தகப்பனார் பெயர் பேச்சிமுத்து. மதுரை கோச்சடை, கிழக்குத் தெருவில் என் மகன் சிவக்குமார் வீட்டில் குடியிருக்கிறேன். குடிநீர்ப் பம்பு நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஆப்பரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். மின்சார வேலையை யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. மோட்டார்களைப் பிரித்துப் பார்த்து நானாகவே பழகினேன். கடந்த நவம்பர் 18ஆம் தேதி இதே காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு பகுதி உண்மை இல்லை. அதை மாற்றிச் சொல்ல இன்று, டிசம்பர் 12ஆம் தேதி, நானாக வந்திருக்கிறேன்.

என் மருமகள் சரண்யாதேவி, வயது 34, பசுமலையில் ஒரு அலுவலகத்தில் கணக்கராக வேலை பார்த்து வந்தார். தினமும் ஸ்கூட்டரில் போய் வருவார். அந்த வண்டியில் விளக்குக்குச் சுவிட்ச் கிடையாது. சாவியைத் திருப்பினாலே பகலிலும் முன்விளக்கும் பின்விளக்கும் எரியும். ரோட்டில் எதிரே வருகிறவர்கள் விளக்கு எரிகிறது என்று கையை விரித்து மூடிச் சைகை காட்டுவார்கள். இதைப் பற்றி ஒருநாள் சாப்பிடும்போது சரண்யா, "பசுமல போறதுக்குள்ள பதினஞ்சு பேரு கையக் காட்டுறாக மாமா. நானும் ஆளுக்கொரு வணக்கத்தப் போட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிச் சிரித்தார். பட்டப்பகலில் விளக்கு எரிவது எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டரிக்கும் பல்புக்கும் அது கேடு என்று நினைத்தேன். சர்வீஸ் செய்யும் இடத்தில் கேட்டேன். அங்கிருந்த பையன், "அய்யா, இப்ப வர்ற வண்டியெல்லாம் இப்பிடித்தான். வயரக் கியர வெட்டிப்புடாதீக" என்றான். அவன் பிறப்பதற்கு முன்பே நான் மோட்டார் ஓட்டியவன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியின் முன்பக்கத்தைப் பிரித்து, விளக்குகளுக்குப் போகும் வயர்களை வெட்டி, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தேன். அது பம்பு ரூம் பலகையில் இருந்து கழற்றி நான் வீட்டில் வைத்திருந்த பழைய சுவிட்ச். ஒரே லீவரில் இரண்டு இணைப்புகள் உள்ளன. ஒன்றை முன்விளக்குக்கும் மற்றொன்றைப் பின்விளக்குக்கும் கொடுத்தேன். பிரேக் லைட்டைத் தொடவில்லை. சுவிட்சை முன்னால் சாமான் வைக்கும் மூடியில்லாத பெட்டிக்குள் பொருத்தினேன். லீவர் கெட்டியானது, விரல் வைத்து அழுத்தினால்தான் நகரும். "நான் மறந்துருவேனே மாமா" என்று சரண்யா சொன்னார். மறுநாள் தன் நெற்றிப் பொட்டு அட்டையில் இருந்து சிவப்புப் பொட்டு ஒன்றை எடுத்து, விளக்கு எரியும் பக்கத்தில் அவரே ஒட்டிக்கொண்டார்.

நவம்பர் 14ஆம் தேதி வியாழக்கிழமை மாலை மழை பெய்தது. சுமார் ஆறரை மணிக்கு சரண்யா வேலை முடிந்து பைபாஸ் ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது, காளவாசலுக்குச் சற்று முன்னால், செங்கல் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த மினி லாரியின் வலது மூலை அவர் மேல் இடித்தது. வண்டி சறுக்கி நடுத்தடுப்பில் மோதி முன்பக்கம் நொறுங்கியது. சுவிட்ச் இருந்த பெட்டியும் பின்பக்கமும் உடையவில்லை. சரண்யா 16ஆம் தேதி காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நான் விபத்தைப் பார்க்கவில்லை. லாரி ஓட்டி வந்த காளை என்பவர், முன்னால் போன வண்டியில் பின்விளக்கு இல்லை என்று சொன்னார். நான் இந்த நிலைய வாசலில் வைத்து அவரைப் பொய்யன் என்று ஏசினேன்.

அதன் பிறகு 18ஆம் தேதி மோட்டார் வாகன ஆய்வாளர் இந்த நிலையத்தில் வைத்து வண்டியைப் பரிசோதித்தார். ஆர்.சி. புத்தகத்துடன் நான் பக்கத்தில் நின்றேன். அவர் சாவியைத் திருப்பி பிரேக்கை அழுத்தினார், சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக்கை விட்டதும் பின்விளக்கு எரியவில்லை. சுவிட்சைக் காட்டி இது என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் லீவரை இப்படியும் அப்படியுமாக நாலைந்து தடவை தள்ளினார். பின்விளக்கு எரிந்தது. "லைட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு பெரியவரே. அந்தப் புள்ள சுவிட்சப் போடாம வந்திருக்கு" என்றார். அவர் கை வைப்பதற்கு முன்பு லீவர் பொட்டு இருந்த பக்கம் சாய்ந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. அன்று கொடுத்த வாக்குமூலத்தில், வயரிங்கில் குறை ஏதும் இல்லை என்றும், என் மருமகள் விளக்கைப் போட மறந்துவிட்டார் என்றும் சொன்னேன்.

டிசம்பர் 1ஆம் தேதி பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள், மழையில் விளக்குக்கூடப் போடாமல் வந்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். சரண்யாவின் தாயார் ஒச்சாயி என் முன்னால் வந்து நின்று, "எம்மக அடுப்ப அமத்திட்டு மறுக்காப் போயித் திருகிப் பாக்குறவ. பூட்டுன பூட்ட இழுத்துப் பாக்குறவ. அவளா மறந்தா? நீங்க சொல்லுங்கண்ணே" என்று கேட்டார். "ஆமா, மறந்துட்டா. என் வேலையில கோளாறு இல்ல" என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். அவர் பந்தியில் உட்காராமல் அப்போதே ஊருக்குப் போய்விட்டார்.

9ஆம் தேதி வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் நிறுத்தி வேறு பேட்டரி வைத்து, ஒரு பல்பில் இரண்டு வயர் கட்டி ஒவ்வொரு இடமாகச் சோதித்தேன். ஃபியூஸ் சரி. பின்விளக்குப் பல்பு சரி. சுவிட்ச் வரைக்கும் கரண்ட் வருகிறது. லீவரைப் பொட்டுப் பக்கம் தள்ளினால், முன்விளக்கு வயரில் ஒவ்வொரு தடவையும் கரண்ட் வெளியே போகிறது. பின்விளக்கு வயரில் ஒரு தடவை போகிறது, இரண்டு தடவை போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த இணைப்பு பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடக்கிறது. சுவர் ஓரம் நனையாமல் இருக்க வேண்டிய சுவிட்ச் அது. மேலே ரப்பர் மூடிகூட இல்லாமல், மழைத்தண்ணீர் இறங்கும் இடத்தில் வைத்தது நான். ஆய்வாளர் நாலைந்து தடவை தள்ளியதில் களிம்பு உரசி விளக்கு எரிந்திருக்கிறது. சரண்யா ஒரு தடவை தள்ளியிருப்பார். முன்னால் வெளிச்சம் விழுந்திருக்கும். பின்னால் எரிகிறதா என்று ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்?

இதை என் மகனிடம் சொன்னேன். "அவளே போயிட்டா. மறந்துட்டாள்னு எழுதுனா யாருப்பா கேக்கப் போறா? நீங்களாப் போயி எதுக்குத் தலையக் குடுக்குறீக?" என்றான். "மறந்துட்டாள்னு சொன்னவன் நான்டா. வேற எவன் போயி மாத்துவான்?" என்றேன். அவன் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

இன்று காலை வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். எழுத்தர், "திருப்பிக் குடுத்த வண்டிய எதுக்குய்யா மறுபடியும் கொண்டாந்து எடத்த அடைக்கிறீக?" என்றார். சுவிட்சைக் கழற்றவில்லை, துடைக்கவும் இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காளை பின்விளக்கு இல்லை என்று சொன்னது பொய் அல்ல. அவர் எவ்வளவு வேகத்தில் வந்தார் என்பது எனக்குத் தெரியாது, அதை நீதிமன்றம் கேட்கட்டும். பகலில் விளக்கு எரிய வேண்டியதில்லை என்ற கருத்தில் எனக்கு இன்றும் மாற்றம் இல்லை. ஆனால் அந்தச் சுவிட்சை வைத்தது நான், கெட்டது என் வேலை. என் மேல் வழக்குப் போடுவதானால் போடலாம். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். அதை ஒச்சாயியிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். பிறகு நானும் கண்ணாடி போட்டுப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் "விளக்கைப் போட மறந்திருக்கவும் வாய்ப்புண்டு" என்று ஒரு வரி இருந்தது. அது நான் சொன்னது அல்ல. அதை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) பே. சின்னச்சாமி