மை ஈஷாத பக்கம்

இல்லைங்க, கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னு நான் சொல்லவே இல்ல. யாரு எழுதினதுன்னு கேட்டேன், அவ்வளவுதான். உங்கப்பாவுக்குப் பக்கவாதத்துல வலது கை விழுந்துபோய், இடது கையில எழுதப் பழக்கிட்டிருக்கேன். போன வாரம் வரைக்கும் கோழி கிளறின மாதிரி எழுதினவரு, இன்னைக்கு வீட்லேருந்து ஒரு பக்கம் முழுக்க வரி வரியா எழுதிட்டு வந்து நின்னா, எனக்கு சந்தேகம் வருமா வராதா?

உக்காருங்க. அவரு உள்ள தோளுக்குப் பயிற்சி பண்ணிட்டிருக்காரு. நாம பேசுறது கேக்காது.

எழுத்து நல்லா இருக்குன்னு சந்தேகப்படலீங்க. பக்கம் சுத்தமா இருக்கு, அதான். இடது கையால எழுதினா, எழுதினது மேலயே கை போகும். உங்கப்பா மைப் பேனாவத் தவிர வேற எதையும் தொடமாட்டேங்குறாரு. ஈர மை ஈஷிக்காதா? இங்க எழுதிப் பழகுறவங்க எல்லாரும் கை ஓரத்தைத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் வீட்டுக்குப் போறாங்க. இதுல பாருங்க, ஒரு பொட்டு ஈஷல் இல்ல. உங்களுக்கு வலது கைப் பழக்கம்தானே? ம்ம்.

என்னது, அவரு எழுதுறப்ப நீங்க அடுப்படியில இருந்தீங்களா? எங்கக்காவும் இதத்தான் சொன்னா.

அது பழைய கதைங்க. ஆறாங்கிளாஸ்ல எங்க தெரு நாயப் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டுப் போனேன். மூணு நாள் உக்காந்து நானே எழுதினது. வாத்தியாரு படிச்சாரு, ஒரு இடத்துல சிரிக்கக்கூடச் சிரிச்சாரு. அப்புறம் மூஞ்சிய மாத்திக்கிட்டு, இது உன் மண்டையில உதிச்சதில்ல, உங்கக்கா எழுதிக் குடுத்ததுன்னுட்டாரு. சார், இங்கயே ஒரு வரி எழுதிக் காட்டுறேன்னேன். வாய் வேறயான்னு வாசல்ல முட்டி போட வச்சாரு. வீட்டுக்கும் ஆள் விட்டாரு. நான் அடுப்படியில இருந்தேன், பேனாவத் தொடவே இல்லன்னு அக்கா என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினா. வாத்தியாரு பொய் சொல்வாராடின்னு எங்கப்பா அவளப் பளார்னு அறைஞ்சாரு. ஒரு வருஷம் அவ என்கூடப் பேசல. இன்னைக்கும் அந்தப் பேச்சு வந்தா எழுந்து போயிருவா.

முப்பது வருஷம் ஆச்சுங்க. பல்லு விளக்குறப்பகூட ஞாபகம் வருது. வயித்தெரிச்சல்.

சரி, உங்களோட என்ன வழக்கு, அவரையே கூப்பிடுறேன். வாங்க சார், இப்படி உக்காருங்க. பேனா இந்தாங்க. தோணுறத ஒரு வரி எழுதுங்க. நீங்க அப்பாகிட்டப் போகாதீங்க, இங்கயே நில்லுங்க.

நோட்ட ஏன் சார் அப்படித் திருப்புறீங்க? அட! பாருங்களேன், நோட்டக் குறுக்கால வச்சு, மேலேருந்து கீழ, தன் பக்கமா இழுத்து எழுதுறாரு. கை வெத்துத் தாள் மேல இருக்கு, மை மேல படவே இல்ல. இத நான் சொல்லித் தரலையே. தானாவா கண்டுபிடிச்சாரு?

அதே எழுத்துதான். போதும் சார், கையத் தளர்த்தி விட்டுட்டு உள்ள போய் உக்காருங்க.

தப்பு என் மேலதாங்க. உங்களையும் வீணா சந்தேகப்பட்டுட்டேன், அவரையும். மன்னிச்சுக்கோங்க.

மத்தவங்களுக்கு வாரம் ரெண்டு நாளு பயிற்சி, உங்கப்பாவுக்கு மட்டும் ஏன் நாலு நாளுன்னா கேக்குறீங்க? நல்லா கேட்டீங்க. அந்த வாத்தியாரு உங்கப்பாதாங்க. இல்ல, அவருக்கு என்னை அடையாளம் தெரியல. நான் முதல் நாளே வாசல்ல பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். பயப்படாதீங்க, வைத்தியத்துல ஒரு குறையும் வைக்கல. கட்டுரைய இவதான் எழுதினா, அக்கா இல்லன்னு அவரு கைப்பட ஒரு வரி வாங்கி எங்கக்காகிட்டக் குடுக்கணும். அதுக்கு அவருக்குக் கை வரணுமில்ல? இப்ப வந்துருச்சு. நாளைக்குக் கேக்கப்போறேன்.

கூட்டிட்டு வருவீங்கல்ல?