பீங்கானில் ஒரு விரிசல்

— சத்தமா படிடா.

— வேணாம்க்கா.

— ஊரே படிச்சிருச்சு, கடை வெப்சைட்ட செஞ்ச நீ படிக்க மாட்டியா? போன்ல தெரியறத அப்படியே படி.

— "விருந்தாளிக்கு அன்போடு பரிமாற எங்கள்..."

— ம்ம்? அந்த வரில கடைசி எழுத்து?

— ...பீ.

— த்தூ! சாப்பிடற தட்டு விக்கற கடைடா இது! காலையிலேர்ந்து மூணு பேரு போன் பண்ணி, "அரைக் கிலோ பார்சல் கெடைக்குமா"ன்னு கேக்கறானுங்க. குமட்டிக்கிட்டு வருது.

— பீங்கான்க்கா. மிச்ச "ங்கான்" அடுத்த வரில இருக்கு பாரு.

— ங்கான்! மூக்கப் பொத்திக்கிட்டுப் பேசற மாதிரியே இருக்கு. பொருத்தம்தான்.

— கம்ப்யூட்டர்ல சரியாத்தான் தெரியுது. போன்ல எடம் கம்மி...

— எடம் இல்லன்னா முழு வார்த்தையும்ல கீழ எறங்கணும்? தலை மேல, ஒடம்பு கீழயா?

— அதான் எனக்கும் புரியல. ரெண்டு வார்த்தைக்கு நடுவுலதான் வரி ஒடையும். வார்த்தைக்குள்ள தானா ஒடையாது.

— உங்க அத்தான் சொன்னது சரிதான். "உன் தம்பிக்கு இது சரிப்படாது, என் தங்கச்சி பையன் கிட்ட குடு"ன்னாரு. நாளையிலேர்ந்து நீ கடைக்கு வராத.

— அக்கா, ரெண்டே நிமிஷம். உள்ள தெறந்து பாத்துடறேன்.

— பாரு, பாரு. கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவிக்கோ.

— ...க்கா, இங்க வா. "பீ"க்கும் "ங்கான்"க்கும் நடுவுல ஒரு குறி. எடம் பத்தலன்னா இங்க ஒடச்சுக்கோன்னு அர்த்தம். வெளிய கண்ணுக்குத் தெரியாது.

— நீ போட்டதுதான?

— பக்கத்தக் கடைசியா மாத்தினது நேத்து மத்தியானம் மூணு மணிக்கு, இந்தக் கடைக் கம்ப்யூட்டர்லேர்ந்து. மூணு மணிக்கு நான் உன்கூட பல் டாக்டர் கிட்ட உக்காந்திருந்தேன்.

— அப்ப கடையில உங்க அத்தான் மட்டும்தான... போடா! போன்ல எழுத்தப் பெருசாக்கவே என்னைத்தான் கூப்பிடுவாரு. அவருக்கு இதெல்லாம் எங்க தெரியும்?

— போன வாரம் பக்கத்துல வந்து உக்காந்து, "மச்சான், ஒரு வார்த்தைய நாம நெனைக்கற எடத்துல ஒடைக்க முடியுமா?"ன்னு கேட்டாருக்கா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்.